விட்டுப்போனது: பூஜ்யம்

போன் அடித்தது.

நான்கு முறை அடித்தும் கேப்டன் ஸ்காலா எடுக்கவில்லை. ஐந்தாவது முறை, இது ஓயாது என்று தெரிந்து எடுத்தார்.

"க்ராலோவோ போலே, கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கூடம். வாசல்ல உட்கார்ற மாஷ்கோவா பேசறேன். எங்க பேராசிரியர் ஹனாக் மெஷின் ரூம்ல செத்துக் கிடக்கார். பக்கத்துல தீயணைக்கிற சிலிண்டர். அதாலதான் மண்டையில போட்டிருக்காங்க. நேரம் மூணு முப்பத்திரண்டு. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"எழுதற சத்தமே கேக்கலையே..."

ஸ்காலா பேனாவைத் தேடினார்.

புர்னோ நகரப் போலீஸின் குற்றப் பிரிவில் இருபத்தொன்பது வருடம். ஓய்வுக்கு இன்னும் ஆறு வாரம். இந்த வாரத்தில் இது மூன்றாவது பிணம். வலது முழங்கால் மழைக்கு ஒருநாள் முன்பே வலிக்கும். இன்று மழையே வந்துவிட்டது, இனி வலித்து என்ன பயன் என்று அதற்கும் தெரியவில்லை.

உதவியாளர் ரேனாத்தா காரை ஓட்டினாள். அவர் தூங்கினார்.

வாசலில் மாஷ்கோவாம்மா வழிமறித்தார்.

"ஷூவைக் கழட்டுங்க."

"அம்மா, இது கொலை நடந்த இடம்."

"இருக்கட்டும். காலையிலதான் தரை துடைச்சேன். செத்தவரே செருப்பு மாத்திக்கிட்டுத்தான் உள்ள போனார்."

விருந்தாளிகளுக்கான கூடையில் மிச்சம் இருந்தது ஒரே ஜோடி. பச்சைக் கம்பளி. பெண்கள் அளவு.

"நல்லா இருக்கு சார்," என்றாள் ரேனாத்தா. "கண்ணுக்குக் குளிர்ச்சி."

ஹனாக் குப்புறக் கிடந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. சுற்றிலும் மெஷின்கள் தம்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தன. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சாவு இரண்டு மணிக்கும் மூன்றேகாலுக்கும் இடையில் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"யார் யார் உள்ள இருந்தாங்க?"

மாஷ்கோவாம்மா வாசல் மேஜையில் நோட்டைப் பிரித்தார். அந்தக் கட்டிடத்துக்குள் ஒரு ஈ நுழைந்தாலும் நேரத்தோடு அதில் பதிவாகும். ஈ யாரோடு வந்தது என்பதுகூட.

"பேராசிரியர் காலையிலேர்ந்து. இன்ஜினியர் வாவ்ரா ஒன்பதுலேர்ந்து, மாடியில அவர் ரூம்ல. அப்புறம் இன்ஜினியர் யித்கா. மெஷின் ரூமுக்குள்ள ரெண்டு அஞ்சுக்குப் போனா. ரெண்டு நாற்பதுக்குக் கட்டிடத்தை விட்டே வெளியே போனா. மூஞ்சி சரியில்ல."

"மூஞ்சியும் நோட்டுல இருக்கா?"

"ஓரத்துல குறிச்சிருக்கேன். உள்ள பேராசிரியரோட சண்டை. 'நீங்க சொல்லிடுங்க, இல்லேன்னா நானே சொல்லிடுவேன்'னு கத்தினா."

"வாசல்ல உட்கார்ந்துக்கிட்டே கேட்டுச்சா?"

"தபால் கொடுக்கப் போனேன்."

"மெஷின் ரூமுக்குத் தபாலா?"

"போகிற வழிதானே."

அப்போது வாசல் கதவு திறந்தது. யித்கா நின்றாள். முப்பது வயது, நனைந்த கோட்டு, இரண்டு கையிலும் பெரிய தட்டு. ரொட்டித் துண்டின் மேல் உருளைக்கிழங்கு சாலட், ஹாம், அவித்த முட்டை... நாற்பது துண்டு. நாலு மணிக்கு வியன்னாவிலிருந்து ஒரு டெலிபோன் கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர் ஆய்வுக்கூடத்தின் புதுச் சாமானை விலைபேச வருவதாக ஏற்பாடு. அவர்கள் மூன்றே முக்காலுக்கே வந்து, மேலே பெரிய ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பிணம் இருப்பதை யாரும் அவர்களுக்கு நாசூக்காகச் சொல்லவில்லை. மாஷ்கோவாம்மா சொல்லியிருந்தார். இப்போது யித்காவிடமும் அவரே முந்திக்கொண்டார்.

"ஹனாக் செத்துட்டாரா?" என்றாள் யித்கா. தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அவர்கிட்ட எதைச் சொல்லச் சொன்னீங்க?"

யித்கா நிமிர்ந்தாள். மாடிப்படியில் இன்ஜினியர் வாவ்ரா நின்றிருந்தார். அவரைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"அது இனிமே முக்கியமில்ல."

"எனக்கு முக்கியம்."

"சொல்ல முடியாது, கேப்டன்."

ஸ்காலா பெருமூச்சு விட்டார். சொல்ல முடியாது என்பவர்களால்தான் அவருடைய சாயங்காலங்கள் பாழாகின்றன.

வாவ்ரா ஐம்பத்திரண்டு வயதுக்காரர். கம்பளி மேல்சட்டை. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்துக்கு வருவார். (வேறு எங்கே போவார், பாவம்.) பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு கார்டைச் செய்து, திருத்தி, மறுபடியும் செய்துகொண்டிருப்பவர். ஹாலில் கேப்டனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மரியாதையான மனிதர்.

"கார்டுன்னா?"

"நூறு கிகாபிட் லைன் சார். தகவலெல்லாம் துண்டு துண்டா வரும், ஒரு துண்டு ஒரு பாக்கெட். நொடிக்குப் பதினஞ்சு கோடி பாக்கெட் வரைக்கும் வரும். அத்தனையும் நேரா கம்ப்யூட்டர் மேல விழுந்தா அது எந்திரிக்காது. அதனால வாசல்லயே ஒரு கார்டு. வர்றது ஒவ்வொண்ணையும் கார்டே பார்த்து, எண்ணி, பிரிச்சு, வேண்டியதை மட்டும் உள்ள அனுப்பும். கம்ப்யூட்டர் நிம்மதியா இருக்கும்."

"மாஷ்கோவாம்மா மாதிரி," என்றாள் ரேனாத்தா.

"நான் பிரிக்கிறதில்ல. எல்லாத்தையும் வெச்சுப்பேன்," என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

"மெஷின் ரூம்ல கேமரா இருக்கே?"

"இருக்கு. அந்தப் படமும் இதே கேபிள் வழியா, இதே கார்டு வழியாத்தான் போய்ப் பதிவாகும். ஆனா..." வாவ்ரா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு அஞ்சுலேர்ந்து மூணு ரெண்டு வரைக்கும் படம் இல்ல. யித்கா உள்ள போனதும் முழு வேகத்துல சோதனையை ஓடவிட்டிருக்கா. கம்ப்யூட்டர்... திணறிடுச்சு போல."

கடைசி வார்த்தை, மயக்க மருந்தில்லாமல் பிடுங்கிய பல் மாதிரி வந்தது.

கணக்கு நேராகிவிட்டது. சண்டை போட்டாள். படம் வராமல் செய்தாள். அடித்தாள். ரொட்டி வாங்கப் போனாள். வாயைத் திறக்க மறுக்கிறாள்.

ரேனாத்தா விலங்கை எடுத்தாள். யித்கா கையை நீட்டினாள். கொலைக்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் என்று அவளுக்கும் தெரியும். அப்போதும் பேசவில்லை.

ஸ்காலாவுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் நம் போலீஸுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சாட்சி சொன்னதைத் தட்டெழுதி, சாட்சிக்கே வாசித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ரேனாத்தா ஹாலிலேயே தட்டி, ஹாலிலேயே அச்சடித்தாள். போகச் சொல்லாததால் வியன்னாக்காரர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். தட்டு மேஜைமேல் இருந்ததால் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

ஸ்காலா ஓதுவது போல வாசித்தார்.

"'...சோதனையின் வேகத்தைத் தாங்க முடியாமல் கார்டு பாக்கெட்டுகளை விட்டுவிட்டது. ஆகவே கேமராப் படம் பதிவாகவில்லை.' இங்க ஒரு கையெழுத்து. அங்க ஒண்ணு."

வாவ்ராவின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"நான் அப்படிச் சொல்லலையே. கம்ப்யூட்டர் திணறிடுச்சுன்னேன்."

"கம்ப்யூட்டர் திணறாம பார்த்துக்கத்தான் கார்டுன்னு சொன்னீங்க. அப்போ விட்டது கார்டுதானே?"

"அப்படி... அர்த்தம் இல்ல."

"வேற என்ன அர்த்தம்? போடுங்க சார். எனக்கு முழங்கால் வலிக்குது."

வியன்னாக்காரர்களில் வழுக்கைத் தலை ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார். அவருக்கு நம் பாஷை நன்றாகவே தெரியும்போல.

"விடுமா? ஒண்ணும் விடாதுன்னுதானே கடிதத்துல எழுதியிருந்தீங்க?"

"'சில சமயம் விடும்'னு மாத்தட்டுமா?" என்றாள் ரேனாத்தா, உதவும் எண்ணத்தில்.

வாவ்ராவின் காது சிவந்தது. பேனாவை வைத்தார். நிதானமாக, மூடியைப் போட்டு.

"என் கார்டு பன்னிரண்டு வருஷத்துல ஒரு பாக்கெட்டைக்கூட விட்டதில்ல."

"சொல்றது சுலபம்," என்றார் வழுக்கைத் தலை.

விலை பேசும்போது காட்டுவதற்காகப் பெரிய திரை தயாராகவே இருந்தது. வாவ்ரா விசைப்பலகையை இழுத்தார். நான்கு விசைகளைத் தட்டினார். கார்டு தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் கணக்கு, கம்ப்யூட்டரில் யார் எதை அழித்தாலும் அழியாத கணக்கு, திரையில் வந்து நின்றது.

வந்தது: பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு எண்.

விட்டுப்போனது: 0.

"பார்த்துக்கங்க," என்றார் வாவ்ரா. திரையை விரலால் தட்டிக் காட்டினார். "பூஜ்யம்."

ஸ்காலா பச்சைச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரைக்கு அருகே போனார்.

"ஒண்ணுகூட விடலை?"

"ஒண்ணுகூட."

"கேமராப் படமும்?"

"அதுவும்தான்..."

வாவ்ரா நிறுத்தினார். அவருக்கு இப்போது புரிந்தது. புரிந்தும் திரையை அணைக்கக் கை வரவில்லை.

"வந்த படம் எங்கே, இன்ஜினியர்?"

வழுக்கைத் தலை மட்டும் இன்னொரு ரொட்டித் துண்டை எடுத்தார்.

"சார், கீழே இன்னொரு வரி இருக்கு," என்றாள் ரேனாத்தா.

கேபிள் கழற்றப்பட்டது: 14:52:07. மாட்டப்பட்டது: 15:01:44.

"ரெண்டு ஐம்பத்திரண்டு," என்றார் ஸ்காலா. "அதுவரைக்கும் படம் ஒழுங்கா வந்திருக்கு. அப்புறம் யாரோ கேபிளைப் பிடுங்கியிருக்காங்க. வேலையை முடிச்சுட்டு மறுபடி மாட்டியிருக்காங்க. அப்புறம், இருட்டு யித்கா உள்ள போன நேரத்துலயே ஆரம்பிச்ச மாதிரி தெரியணும்னு, பதிவான படத்தையும் அழிச்சிருக்காங்க. மாஷ்கோவாம்மா, ரெண்டு ஐம்பத்திரண்டுக்கு உள்ள யார்?"

நோட்டைப் பார்க்காமலே பதில் வந்தது.

"யித்கா ரெண்டு நாற்பதுக்கே போயாச்சு. மிச்சம் ரெண்டு பேர். ஒருத்தர் கீழே படுத்திருக்கார்."

ரேனாத்தா சத்தமில்லாமல் யித்காவின் விலங்கைக் கழற்றினாள்.

வாவ்ரா நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கையெழுத்து போட்டிருந்தால் போதும். இந்நேரம் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"ரெண்டே முக்காலுக்கு ஹனாக் என் ரூமுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கலை, ஜன்னலைப் பார்த்துப் பேசினார். இவங்க வர்றதுக்கு முன்னாடி உன் கார்டைக் கழட்டிட்டு யித்காவோடதை மாட்டப்போறேன், உன்னுது பழசாயிடுச்சுன்னார். பின்பக்கப் படி வழியா அவர் பின்னாலேயே மெஷின் ரூமுக்கு இறங்கினேன். பன்னிரண்டு வருஷம், கேப்டன். கழட்ட விட்டிருப்பீங்களா?"

"எனக்குத் தெரியாது. நான் எதையும் பன்னிரண்டு வருஷம் செஞ்சதில்ல. இருபத்தொன்பது வருஷம் இது ஒண்ணுதான்."

எழுந்து நடக்கும்போது வாவ்ரா ஒருமுறை திரும்பித் திரையைப் பார்த்தார்.

"ஒண்ணுகூட விடலை, பார்த்தீங்கல்ல?" என்றார் வியன்னாக்காரர்களிடம். வழுக்கைத் தலை மரியாதையாகத் தலையாட்டினார்.

இரண்டு காவலர்கள் அவரைக் கீழே அழைத்துப் போனார்கள். மாஷ்கோவாம்மா அவருக்கு ஷூ மாட்ட அவகாசம் கொடுத்தார். செருப்போடு யாரையும் வெளியே விடுவதில்லை.

வியன்னாக்காரர்களும் போன பிறகு, ஸ்காலா மிச்சமிருந்த ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார். முட்டை காய்ந்திருந்தது.

"இப்பவாவது சொல்லுங்க. ஹனாக்கை எதைச் சொல்லச் சொன்னீங்க?"

யித்கா மணிக்கட்டைத் தேய்த்தாள்.

"கழட்டப்போறேன்னு வாவ்ராகிட்ட சொன்னாரில்ல... அதுலயும் பாதிதான் சொல்லியிருக்கார். காலையில எட்டு மணிக்கே மாத்தியாச்சு, கேப்டன். அவர் ஒன்பதுக்குத்தானே வருவார். ஹனாக்கும் நானும் சேர்ந்துதான் மாத்தினோம். போய் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கன்னு சண்டை போட்டேன். கோழை மனுஷன்."

ஸ்காலா மெல்லுவதை நிறுத்தினார்.

"அப்போ அந்தப் பூஜ்யம்?"

"என் கார்டோடது. அவரோடது அலமாரியில இருக்கு."

"விலங்கு மாட்டறப்போகூட வாயைத் திறக்கலையே நீங்க."

"அவர் எதிர்லயே நின்னார். வந்த விருந்தாளிங்க முன்னாடி எப்படிச் சொல்றது? அவர்தான் கொன்னார்னு எனக்குத் தெரியுமா?" அவள் திரையை அணைத்தாள். "ஹனாக் நல்லவரில்ல. ஆனா செத்திருக்க வேண்டாம். வாவ்ராகிட்ட இதை யாரும் சொல்லாதீங்க, கேப்டன். ஜெயிலுக்குப் போறார். அந்தப் பூஜ்யத்தையாவது எடுத்துட்டுப் போகட்டும்."

ஸ்காலா கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். வழக்கு விசாரணையில் எப்படியும் வெளிவரும். ஆனால் அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

"சரி. இங்க இருக்கிற நமக்குள்ளயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் படிக்கட்டைப் பார்த்தார்.

படிக்கட்டு காலி.

மூவரும் ஜன்னலுக்குப் போனார்கள். கீழே மழை. கிளம்பத் தயாராக நின்ற போலீஸ் கார். அதன் பின்கதவுக் கண்ணாடியில் குனிந்து, ஈரத் தெருவில் வீட்டுச் செருப்போடு, மாஷ்கோவாம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வாவ்ராவின் தலை மெல்லத் தொங்கியது.

ரேனாத்தா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாற்பது விநாடி சார். ஒரு பாக்கெட்டுகூட விட்டுப்போயிருக்காது."