பதினைந்து விநாடிக் கதவு

மேனகா கதவின் பட்டியை ஒரு முறைதான் தள்ளினாள். அலாரம் இரண்டு முறை தொடங்கியது.

வெள்ளவத்தையில் நாளை திறக்கவிருக்கும் துணிக்கடையின் மூன்றாம் மாடி. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துப் பிற்பகல் என்பதால் வேலையாட்கள் யாருமில்லை. உறை கழற்றாத சேலைகளும், புதுப் பெயின்ட் வாசனையும், கடலோரமாக ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடிகள் லேசாக அதிரும் ஒலியும்தான் அவளுக்குத் துணை. அவசர வழிக் கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புப் பட்டி. அதை வடிவமைத்தவள் அவள்தான். குழந்தை தள்ளினாலும் அமுங்கும். ஆனால் திருட்டுக்குப் பயந்து கதவு உடனே திறக்காது. அலாரம் கத்தும், மேலே சிவப்பு எண் பதினைந்திலிருந்து இறங்கிப் பூச்சியத்துக்கு வந்த பிறகே பூட்டு விடும். எல்லாம் சரியென்று, பட்டறையில் இருக்கும் சான்றுத் தாளில் மாலைக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

எண் பதினொன்றுக்கு வந்தது. மறுபடி பதினைந்து.

"தங்கையா அண்ணே, ஏதும் தொட்டனீங்களோ?"

பூட்டுப் பொருத்துகிற தங்கையா கதவுக்கு அப்பால் படிக்கட்டில் நின்றார். "நான் ஒண்ணும் தொடலைங்க மிஸ். இந்தப் பக்கம் கைப்பிடியே இல்லையே."

"அப்ப ஏன் திரும்ப முதல்ல இருந்து எண்ணுது?"

"முதலாளிதான் மாத்தச் சொன்னாரு. தள்ளுறப்பெல்லாம் புதுசா எண்ணணுமாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அவளுக்குத் தலை கொதித்தது. மூன்று மாதம் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கொட்டாஞ்சேனையில் முதலாளியின் பூட்டுப் பட்டறைக்கு அழைத்தாள்.

"நாகேந்திரம் சேர், சனம் நெருக்கியடிச்சு வந்தால் ஆளாளுக்குத் தள்ளுவினம். ஒவ்வொரு தள்ளுக்கும் பதினைஞ்சு எண்டால் கதவு திறக்கவே திறக்காது!"

"ஏன் பிள்ளை கத்துறீர்? ஒராள் தள்ளிப்போட்டு மற்ற ஆக்கள் பேசாமல் நிக்கட்டுமன்."

"நெருப்புக்குள்ளயோ?"

"கள்ளன் ஒவ்வொரு நாளும் வருவான். நெருப்பு எப்பவாவதுதான். நீர் கையெழுத்துப் போடாட்டில் நான் போடுறன்."

வைத்துவிட்டார். பாவி! தீபாவளிக்குச் சேலை எடுக்க வரும் பெண்களும் பிள்ளைகளும் நெருப்புக்குள் வரிசையில் நிற்க வேண்டுமாம். தொலைபேசியைச் சுவரில் அடித்து நொறுக்கலாம்போல் இருந்தது. அவர் போடுவதற்குள் போய் அந்தத் தாளைக் கிழித்தெறிய வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. பேசி முடிக்க இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். கதவு எப்போதோ திறந்திருக்க வேண்டும். அலாரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

பட்டியைப் பார்த்தாள். அது மெல்ல உள்ளே அமுங்கியது. விட்டது. மறுபடி அமுங்கியது. அதன்மேல் எந்தக் கையும் இல்லை.

பதினான்கு. பதின்மூன்று. பதினைந்து.

நைலோன் கருகும் நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். சேலைகள் அசையாமல் தொங்கின, புகை இல்லை. ஆனால் கழுத்தில் சூடான மூச்சு பட்டது. ஒருவருடையது அல்ல. முதுகில் யாரோ சாய்ந்தார்கள். அவர்களின்மேல் இன்னும் பலர். பின்னால் ஓர் அடி வைக்க இடமில்லை. இரும்புக் கதவு கன்னத்தைச் சுட்டது.

"கையை எடுங்கோ!" என்று கத்தினாள். பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. "ஒருத்தரும் தொடாதேங்கோ! பதினைஞ்சு விநாடிதான்!"

"மிஸ், யாரோட பேசுறீங்க?" தங்கையா அப்பாலிருந்து கதவைத் தட்டினார்.

பட்டி அசையாமல் நின்றது. கேட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு. ஒன்பது. அவள் இடுப்பருகே ஒரு குழந்தை இருமியது. ஆறு. கண் எரிந்தது. நான்கு. மூச்சு வரவில்லை. மூன்று.

எல்லாரையும்விட அவளுக்குத் தெரியும். தெரிந்தும், இரண்டு கைகளும் தாமாகவே பட்டியின்மேல் போய் விழுந்தன.

அவள் வடிவமைத்தபடியே, அது வழுக்கிக்கொண்டு அமுங்கியது.

பதினைந்து.

அவள் கைகளின்மேல் இன்னொரு கை விழுந்தது. அதன்மேல் இன்னொன்று. சிறிதும் பெரிதுமாக, தோல் உரிந்து ஒட்டும் கைகள்; தீபாவளிக்குச் சேலை எடுக்க இனி வரப்போகிறவர்களின் கைகள். எல்லாமே தள்ளின.

பதினைந்து. பதினைந்து. பதினைந்து.