கூப்பிட வருவார்கள்

அன்றைக்குக் குழந்தைவேல் காலை பத்து மணிக்கே கஞ்சி கேட்டான்.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உச்சி சாயும் முன் அவன் சாப்பிட உட்கார்ந்ததில்லை. உண்ணாமலைக்கு அது உறுத்தியது. கம்பஞ்சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். வேட்டி கட்டாமல் காக்கி டவுசரோடு இருந்தான். கிணற்றில் இறங்கும்போது மட்டும் போடுகிற டவுசர் அது. கதவோரம் வடக்கயிறு புதிதாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"இன்னைக்கு என்னங்க இம்புட்டு அவசரம்?"

"சீக்கிரம் ஊத்து புள்ள. கூப்புட வருவாங்க."

"யாரு?"

கையிலிருந்த வெங்காயத்தைக் கடித்தான். "யாராச்சும்," என்றான்.

அவன் கை கழுவுவதற்குள் தெருமுனையில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. மேலத் தெரு ஆள் ஒருவன் சைக்கிளை வேலியில் சாய்க்காமல் கீழேயே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணே, ஓடியாங்கண்ணே! எங்க தெரு மருமவ, தண்ணிக்குப் போன புள்ள, திரும்பி வரல. கொடம் மட்டும் மெதக்குதுண்ணே!"

குழந்தைவேல் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான். வந்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். இருவரும் வேலியைத் தாண்டி மறைந்த பிறகுதான், வாசலில் நின்ற உண்ணாமலைக்கு அது புரிந்தது. வந்தவன் எந்தக் கிணறு என்று சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. அந்த ஊரில் மட்டும் நாற்பது கிணறுகள் இருந்தன.

அது எழுபத்தெட்டாம் வருஷத்துத் தை மாதம். சிறுவாச்சூர் ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே இருந்த ஊர். போன ஐப்பசியில் தொடங்கிய பேய்மழையில், வருஷக்கணக்காகப் பாறை தெரியக் கிடந்த கிணறுகளெல்லாம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. கிணறு வெட்டப் போய்ப் போய், மூச்சடக்கி ஆழம் இறங்கப் பழகியவன் குழந்தைவேல் ஒருவன்தான். வாளி விழுந்தாலும் கூப்பிடுவார்கள். ஆள் விழுந்தாலும் கூப்பிடுவார்கள். மழைக்குப் பிறகு ஆள் விழுந்தது இது மூன்றாம் தடவை. முதலில் ஆடு மேய்த்த ஒரு கிழவர். கால் தவறிவிட்டது என்றார்கள். அடுத்தது பருத்தி எடுக்கப் போன ஒருத்தி. வீட்டில் சண்டை என்றார்கள்.

பொம்பளைகள் பார்க்கக் கூடாது என்பதால் உண்ணாமலை ஒருமுறைகூடக் கிணற்றடிக்குப் போனதில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே காதால் மட்டும் கேட்டிருக்கிறாள். அன்றைக்கும் கேட்டாள். தூரத்தில் கூட்டத்தின் இரைச்சல், காற்று திரும்பும்போதெல்லாம் கிட்டே வந்து கிட்டே வந்து விலகியது. பிறகு அது யாரோ கையால் பொத்தினாற்போல நின்றது. காக்கைகூடக் கத்தாத அந்த நிசப்தம் நீண்டு நீண்டு, அடுப்பில் ஈர விறகு நுரைக்கிற சத்தம் பெரிதாகக் கேட்கிற வரைக்கும் நீண்டு, கடைசியில் ஊரே ஒற்றை மார்பால் விட்டது போல ஒரு பெருமூச்சு கேட்டது. அதன் பின்னால் ஒப்பாரி.

சாயங்காலம் அவன் சந்தோஷமாகத் திரும்பினான். அதை வேறு எந்தச் சொல்லாலும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சாதாரண நாளில் நாலு வார்த்தை பேசாதவன், சாப்பிட்டு முடிக்கும்வரை பேசினான். "மேலத் தெருப் பெரியவரு இருக்காருல்ல, அவரே கையப் புடிச்சு மேல தூக்கிவுட்டாரு புள்ள. எல்லாரும் வழி வுட்டு நின்னாங்க." அவன் உடம்பிலிருந்து பாசியும் கல்லும் கலந்த கிணற்று வாடை வீசியது. அன்றிரவு அவள் சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

மாசி பிறந்தது. அந்த வாடை வீட்டை விட்டுப் போகவில்லை. பாயில் இருந்தது. கொடியில் தொங்கிய துண்டில் இருந்தது. அவள் சாம்பல் போட்டுத் துவைத்தாள், வெயிலில் போட்டாள், முகர்ந்து பார்த்தாள். இல்லை, மனப்பிரமைதான் என்று சொல்லிக்கொண்டாள். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவன். ஒரு நாள் கை ஓங்கியதில்லை. அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது பஸ் ரோடு வரைக்கும் முதுகில் சுமந்துகொண்டு போனவன். எந்தக் கிணறு என்று கேட்க மறந்திருப்பான். அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது நன்றாக விடிவதற்குள் எங்கேயோ போய்விட்டு ஈரத் தலையோடு வந்தான்.

"ஏரியில குளிச்சுட்டு வரேன்," என்றான், அவள் கேட்காமலேயே.

ஏரித் தண்ணீர் சேறு நாறும். அவன் மேல் பாசி நாறியது.

அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. டவுசரைப் போட்டுக்கொண்டான். தலை வாரினான். பத்து மணிக்குச் சாப்பிட்டான். வாசலில் குந்தி, பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. வெயில் ஏறி இறங்கியது. ஆடுகள் திரும்பின. யாரும் வரவில்லை. மறுநாளும் அப்படியே உட்கார்ந்தான். சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் பாதி எழுந்தான். மணி தாண்டிப் போனதும் உட்கார்ந்தான். மதியத்துக்கு மேல், அவள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னான்.

"இன்னும் தேட ஆரம்பிக்கல போலருக்கு."

துடைப்பம் அவள் கையிலேயே நின்றது. யாரை என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயந்தாள்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தாள். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தாள். வெத்தலை இடித்துக்கொண்டு செங்கமலம் இருந்தாள். அரியமுத்து மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார். குஞ்சம்மாளின் மூன்று மருமகள்களும் கடலைச் செடி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் அவள் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசி வீடு சின்னப்பிள்ளையுடையது. அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மகள் இல்லை.

"அக்கா, பூமாலை எங்கக்கா?"

"பூலாம்பாடிக்குப் போயிருக்கா, அவ அத்த வூட்டுக்கு. நேத்து விடியக்காலம் மொத பஸ்ஸுக்குக் கெளம்புனா. நாளைக்கோ மறுநாளோ வந்துருவா. ஏன் உண்ணாமல?"

"சும்மாதான்க்கா."

"மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்துப்போயிருக்கு? தண்ணி குடிக்கிறியா?"

உண்ணாமலை வேண்டாமென்று தலையாட்டிவிட்டு நடந்தாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. குடத்தை வேலியோரம் வைத்துவிட்டு, மூன்று மைல் நடந்து, ரோட்டில் பஸ் ஏறினாள்.

ஸ்டேஷனில் ஏட்டு ராசாங்கம் முதலில் நம்பவில்லை. "புருஷன் மேல கோவமாம்மா?" என்றார். பூலாம்பாடிக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அங்கே யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஜீப் கிளம்பியது. வாசலில் அதே இடத்தில் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவர்கள் தன்னைக் கைது செய்ய வந்திருக்கிறார்கள் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நாலு பேரையும் தானே தள்ளியதாக ஒத்துக்கொண்டான். ஏன் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நகைக்காகவா என்று கேட்டார். மேலத் தெரு மருமகளின் காதில் தோடு அப்படியே இருந்தது. ஆனாலும் இவன் "ஆமாங்க" என்றான். பொம்பளை விவகாரமா என்றார் இன்னொருவர். அதற்கும் "ஆமாங்க". அதற்கும் "ஆமாங்க". டாக்டர் ஒருவர் வந்து தலையைத் தடவிப் பார்த்தார். கிணற்றில் வேட்டு வைத்தபோது கல் தெறித்த தழும்பு நெற்றியில் இருந்தது. "அதுக்கப்புறம்தானே இப்படித் தோணுது?" "ஆமாங்க." கோயில் பக்கத்து ஆட்கள், அவன் இறங்கிய ஏதோ கிணற்றில் முனி பிடித்துக்கொண்டது என்றார்கள். பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள் பெண்கள், உண்ணாமலையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"எதக் கேட்டாலும் ஆமாங்கறான்மா," என்றார் ராசாங்கம். "எழுதி எழுதிக் கை நோவுது. அந்தப் புள்ள எந்தக் கெணத்துல கெடக்குன்னு மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். நீ கேட்டுப் பாரு."

உண்ணாமலையும் ராப்பகலாகக் காரணம்தான் தேடிக்கொண்டிருந்தாள். நகை, பேய், தலையில் பட்ட கல், தன் வயிறு. ஒவ்வொன்றையும் எடுத்து அவன் முகத்தோடு பொருத்திப் பார்த்தாள். ஏதாவது ஒன்று பொருந்திவிட்டால் கண்ணை மூடித் தூங்கிவிடலாம் என்று இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க. ஏன் இப்புடிப் பண்ணுனீங்க?"

அவன் திரும்பினான். "பூமாலைய இப்பத் தேடுறாங்களா?"

"ஊரே தேடுது. அவ ஆத்தா சோறு தண்ணி எறங்காமக் கெடக்குது."

பல நாள் பிடித்திருந்த வலி விட்டது போல அவன் முகம் தெளிந்தது. "அப்பன்னா சரி," என்றான். "நானே எடுத்துத் தரேன்னு ஏட்டய்யாகிட்ட சொல்லு."

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அவனைக் கூட்டி வந்தார்கள். ஊருக்குத் தெற்கே, பஸ் ரோட்டுக்குப் போகிற குறுக்குப் பாதையோரம், பனங்காட்டுக்கு நடுவில், யாரும் தண்ணீர் இறைக்காத ஒரு பழைய கிணறு. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கே இருந்தன. மரத்தில் ஏறி நின்றார்கள். பெண்களும் வந்திருந்தார்கள். சின்னப்பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக, உண்ணாமலை கிணற்று விளிம்பில் நின்றாள்.

கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. பச்சையும் இல்லை, ஆகாயத்தின் நிழலும் இல்லை. வெயில் மேல்சுவரின் பாதியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே சில்லென்று ஒரு காற்று ஏறி வந்து முகத்தில் பட்டது. அவள் வீட்டு வாடை.

விலங்கைக் கழற்றினார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை நாலு போலீஸ்காரர்கள் பிடித்தார்கள்.

"அடியில வடக்கால ஒரு பொந்து இருக்குங்க," என்றான் குழந்தைவேல். "வேற யாருக்கும் தெரியாது."

படிக்கல்லில் நின்று மூச்சை இழுத்தான். இறங்கினான்.

வளையங்கள் சுவரில் மோதித் திரும்பின. அடங்கின. யார் இடுப்பிலோ இருந்த குழந்தை சிணுங்கி நிறுத்தியது. இத்தனை நாள் தூரத்திலிருந்து கேட்ட நிசப்தத்துக்குள் இப்போது அவளே நின்றாள். அவளும் மூச்சை அடக்கியிருந்தாள். ஐந்நூறு பேரும் அடக்கியிருந்தார்கள்.

தண்ணீர் பிளந்தது. முதலில் அவன் தலை. அப்புறம் அவன் கையில் சுற்றிய நீளமான கூந்தல்.

ஊரே மூச்சு விட்டது. அவளும் விட்டாள். சின்னப்பிள்ளை அலறிக்கொண்டு சரிந்தாள்.

கயிற்றுக் கட்டிலை இறக்கிப் பூமாலையை ஏற்றினார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். உண்ணாமலை மட்டும் கீழே பார்த்தாள். படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு அவன் அண்ணாந்திருந்தான். விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல், பார்த்துக்கொண்டே வந்தான். கலியாண வீட்டில் பந்தியைப் பார்க்கிற மாப்பிள்ளை போல. கூட்டம் அழுகைப் பக்கம் திரும்புவதைக் கண்டதும் அந்த முகம் வாடியது.

"ஏறி வாடா," என்று ராசாங்கம் கத்தினார்.

அவன் ஏறவில்லை. மறுபடி மூச்சை இழுத்தான். இறங்கினான்.

"எதுக்குடா போறான்? ஒண்ணுதானே சொன்னான்?" என்று கயிறு பிடித்தவர்களிடம் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. அழுகைப் பக்கம் திரும்பியவர்கள் மறுபடி விளிம்புக்கு வந்தார்கள். அழுகை நின்றது.

அவன் மேலே வந்தபோது கையில் ஒரு துணி நுனி இருந்தது. மஞ்சள் துணி. சிறுவாச்சூர் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கட்டுகிற மாதிரி. அதன் மறுமுனை தண்ணீருக்குள் கனமாக எதிலோ மாட்டியிருந்தது.

"ஏட்டய்யா," என்றான். மூச்சு வாங்கியது. குரலில் அவ்வளவு மரியாதை. "இன்னொரு கட்டிலு எறக்குங்க. இவங்களத் தேடி யாருமே வரலீங்க."

யாரும் அசையவில்லை. அப்புறம் கூட்டத்தில் யாரோ ஒரு பெயரைக் கத்தினார்கள். "இந்தா இருக்கேன்," என்று ஒரு குரல். உடனே இன்னொரு பெயர். இன்னொன்று. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்தார்கள். புருஷன்மார் பெண்டாட்டிகளைத் தேடினார்கள். பனங்காடு முழுக்கப் பெயர்கள்.

அவன் காத்திருந்தான். துணியைப் படிக்கல்லில் சுற்றினான். தலைமயிரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டான்.

கடைசிப் பெயரும் ஓய்ந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி, ஐந்நூறு பேரும் கீழே அவனைப் பார்த்தார்கள். மூச்சுக்கூட இல்லை.

அப்போது அவன் சிரித்தான். மார்பு நிறையக் காற்றை இழுத்தான்.

மூன்றாவது தடவை இறங்கினான்.

போலீஸ்காரர்கள் கையில் கயிறு நழுவியது. நழுவிக்கொண்டே இருந்தது.