நண்டு வளை

மதிவாணன் சம்மட்டியால் ஒரே ஒரு முறைதான் அடித்தான். கனிமொழியின் லேப்டாப் திரையில் இரண்டு அடி விழுந்திருந்தது.

"அண்ணே, ரெண்டு தடவ அடிச்சியா?"

"ஒண்ணுதான். இருக்குற கைவலியில நீ வேற!"

ஐப்பசி மூட்டத்தில் பட்டப்பகலே இருண்டு கிடந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அந்த ஆற்றுக்கரை நெடுக அவள் சென்சார்களைக் குத்தி வைத்திருந்தாள். கடைசி சென்சாருக்கு அப்பால், நாணல் மறைவில் அண்ணன் இரும்புத் தகட்டின்மேல் அடிக்க, அதிர்வு களிமண்ணுக்குள் ஓடிவந்து, உள்ளே பொந்து இருக்கும் இடத்தில் தடுமாறும். அதை வைத்துத்தான் கரை எங்கே உடைப்பெடுக்கும் என்று சொல்ல வேண்டும். ஈரக் களிமண் லேசுப்பட்டதல்ல. அமுக்கினால் அமுங்கி, ஆற அமரத்தான் மேலே எழும்பும். ஆள் கிடைக்காமல் அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். அதுதான் இப்போது உறுத்தியது.

அண்ணன் மறுபடி அடிக்கத் தொடங்கினான். முதல் அடியில் பொந்து அவளருகே தெரிந்தது. அடுத்த அடியில் தள்ளி. அதற்கடுத்து இன்னும் தள்ளி. பொந்து எங்காவது நகருமா? அது அண்ணன் அடிக்கும் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. சேற்று நாற்றம் குப்பென்று ஏறியது. தவளைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"அண்ணே, போதும். இறங்கி வந்துடு!"

"இரு, இங்க ஒரு நண்டு வளை. மிதிச்சு அடைச்சிட்டு வர்றேன்."

வயல்காரப் பழக்கம். வளையைக் கண்டால் அவனுடைய வலது கால், அரிவாள் பட்டுச் சுண்டுவிரல் போன அந்தக் கால், சும்மா இருக்காது.

"மிதிக்காதண்ணே!"

தொம். தொம். தொம். சத்தம் காதிலும் கேட்டது, திரையிலும் துள்ளியது. பிறகு காதில் கேட்கவில்லை. திரையில் மட்டும் துள்ளியது.

ஓடினாள். சம்மட்டி கிடந்தது. கழற்றிப் போட்ட செருப்பு கிடந்தது. வளை இருந்த இடம் வழவழவென்று மூடியிருந்தது, நடுவில் ஆழமாக ஒரு காலடித் தடம்.

"அண்ணே!"

மண்டியிட்டுத் தோண்டினாள். மண் விடவில்லை. நகம் பெயர்ந்தது.

தடம் மெல்ல நிரம்பத் தொடங்கியது. களிமண் எழும்புகிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மட்டத்துக்கு வந்தது. நிற்கவில்லை. மேலே புடைத்தது. குதிகால். உள்ளங்கால். விரல்கள்.

நான்கு விரல்கள்.

பக்கத்தில் இன்னொரு பாதம் புடைத்தது. அடுத்தது, அவள் முழங்காலுக்கு அடியில்.