கழுவிக் காயவைத்த மணல்

மணற்கண் என்ற இயந்திரம் சொல்லாமல் கீழாத்துப் பாலத்தின் கேட்டை எந்த மனிதரும் மூடக்கூடாது. மணற்கண் பார்வை இழந்தால் மட்டும் கேட் தானாக இறங்கும். இந்த விதியை எழுதியவள் பொறியாளர் செண்பகவல்லி.

ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கால்வாயில், ஆற்று வெள்ளம் சிறிய அளவில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நடுவே விரல் தடிமனில் பாலத்தின் தூண்கள். மேலிருந்த மணற்கண் நொடிக்கு ஆயிரம் படம் எடுத்து, ஒவ்வொரு மணல் துகளும் உருளும் விதத்தைப் பார்த்து, தூணடியில் விழப்போகும் பள்ளத்தைக் கணித்தது. ஒன்பது ஆண்டுச் சோதனைகளில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆற்றில் நிஜ வெள்ளம் வந்தது இன்றுதான்.

திரையில், "மூன்றாம் தூண்: ஆபத்தில்லை."

தொலைபேசியில் பாலத்துக் காவலாளி கத்தினார். "மேடம், மூணாந் தூணு சாயுது! கேட்டை இறக்கச் சொல்லுங்க!"

"மணற்கண் ஆபத்தில்லைங்குதே..." என்றாள் கால்வாயருகே நின்ற செண்பகவல்லி.

"அது அங்கல்லா இருக்கு. நான் இங்க நிக்கேன்!"

கால்வாயில் மணல் பரப்பும் உதவியாளர் மாசானம் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு. "நாலு பத்துக்குப் பாலம் தாண்டுற பஸ்சுல எம் பொஞ்சாதி வாறா, மேடம்."

"ஆத்து மணல்தானே போட்டிருக்கீங்க?"

"ஆத்து மணல்தான். முத வருசம் அள்ளினது. சிந்தாமக் கழுவிக் காயப்போட்டு, அதையே போடணும்னு நீங்கதான சொன்னீங்க? ஒவ்வொண்ணுக்கும் மூஞ்சி தெரியும் எனக்கு."

செண்பகவல்லி கால்வாய் மணலைக் குனிந்து பார்த்தாள். மணற்கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. அது ஆற்றைப் படிக்கவே இல்லை. இந்த மணலை மனப்பாடம் செய்திருக்கிறது.

மணற்கண்ணை அணைக்க மூன்று அதிகாரிகளின் கைரேகை வேண்டும். அதுவும் அவள் எழுதிய விதிதான்.

நான்கு ஏழு.

"மாசானண்ணே, ஈர மணல் ஒரு கை அள்ளிக் குடுங்க."

முக்காலியில் ஏறி மணற்கண்ணின் கண்ணாடியில் அப்பினாள். திரை இருண்டது. தொலைபேசியில் கேட் இறங்கும் மணி, பஸ்சின் ஹாரன், "எவன்டா மூடினவன்?" என்று பயணிகளின் ஏச்சு. பிறகு, நிலம் அதிர்ந்த சத்தம்.

"பஸ்சு?" மாசானம் தொலைபேசியிடம் குனிந்து கேட்டார்.

"கேட்டுக்கு இந்தப் பக்கந்தான் நிக்கி. பாலம் போச்சு" என்றார் காவலாளி.

மாசானம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எல்லாச் செய்திகளிலும் ஒரே தலைப்பு: மணற்கண் இம்முறையும் தவறவில்லை.

செண்பகவல்லி நடந்ததை ஒரு வரி விடாமல் அரசுக்கு எழுதி அனுப்பினாள். பதிலாகப் பதினோரு மாவட்டங்களிலிருந்து கடிதம் வந்தது. மணற்கண் உடனே வேண்டுமாம். கூடவே, அதே மணலும்.