அறுபத்திரண்டில் நின்ற படம்

படம் அறுபத்திரண்டு சதவீதம் ஏறி நின்றுவிட்டது.

மணி பத்து. 2005ஆம் வருடத்துப் பங்குனி வெயில் செங்கம் ரோட்டில் அப்போதே காய்ந்துகொண்டிருந்தது. தசரதனின் பிரவுசிங் சென்டரில் கடைசிக் கணினி முன்னால் வேதா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் சரவணகுமார் இறந்ததிலிருந்து எதுவும் அவளை அசைப்பதில்லை.

ஒரு காரியம் மட்டும் மிச்சம் இருந்தது. அவன் படம் போட்டுவந்த இணையதளம், தொண்ணூறு நாள் புதுப் படம் வராத பக்கத்தை அழித்துவிடும். இன்று தொண்ணூறாவது நாள். வீட்டுக் கணினி பழுதானதில் மற்றவை போய்விட்டன. அவன் எடுத்த சிலைகள் எல்லாம் இனி அந்தப் பக்கத்தில்தான். போடாமல் விட்டது, ஒரு சிடியில் தப்பிய இந்த ஒரே படம். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பாழடைந்த மண்டபத்துத் தூணில், கண்ணாடி பார்க்கும் பெண்.

"லைன் தகராறுக்கா. நான் எடுத்த தீபம் படம் சின்னது, அதப் போட்டுடலாமா?" என்றான் தசரதன்.

"அது அவரு எடுத்தது இல்லியே."

பத்தரைக்கு மறுபடி அனுப்பினாள். எழுபதில் நின்றது. பதினொன்றுக்கு எழுபத்தெட்டு.

"பாருங்க, லைன் தேறுது!"

வேதாவுக்கு அப்படித் தோன்றவில்லை. படம் ஒரே மூச்சில் ஏறுவதில்லை. மேல் வரியில் தொடங்கி வரி வரியாகக் கீழே இறங்கும். அப்படியானால் எழுபத்தெட்டாவது பங்கில் சிலையின் எந்த இடம் இருக்கிறது?

சிடியில் இருந்த படத்தைத் திறந்தாள்.

பெண்ணின் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையின் நிழல். அதற்கும் கீழே தோள், கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்கள்.

பத்து மணிக்குப் பார்த்தபோது அந்தத் தலை இடுப்பில் இருந்தது.

"சிடியில எழுதினது மாறுமா, தசரதா?"

"மாறாதுக்கா. சூடு வெச்ச மாதிரி. ஒருதரம் எழுதினா அவ்ளோதான்."

அவள் திரையைக் காட்டினாள். அவன் நாற்காலியை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

மின்விசிறி நின்றிருந்தது. வெயிலில் சுட்ட கருங்கல்லின் வாடை வந்தது.

நிழல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் தன் நெழல் உழுந்த படத்தப் போடவே மாட்டாரேக்கா," என்றான் தசரதன்.

மாட்டான். சிலையிடம் போனதும் ஒன்று எடுத்துப் பார்ப்பான். பிறகு வெயில் உச்சிக்கு ஏறித் தன் நிழல் படச்சட்டத்தைவிட்டு விலகும்வரை நிற்பான். அவள் அவசரப்படுத்தினால் உள்ளங்கையைத் தூக்கி, "இரு, வேதா" என்பான். அன்றும் இந்த ஒன்றை எடுத்துவிட்டு அப்படி நின்றபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அப்போது உச்சிப்பொழுது வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

நிழலின் ஒரு கை மேலே தூக்கியிருந்தது.

உள்ளங்கை விரிந்து.

"நிறுத்திடலாங்க்கா."

"இரு," என்றாள் வேதா.

பதினொன்றரைக்கு எண்பத்தாறு. பன்னிரண்டுக்குத் தொண்ணூற்று நான்கு. தலை மட்டும் படத்தின் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டேகாலுக்கு அதுவும் வழுக்கி வெளியே போனது.

அனுப்பினாள். நூறு.

அவள் அழவில்லை. தசரதன்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தத் தளத்தில் படத்தைத் திறந்தாள். அதற்குள் யாரோ வெளிநாட்டுக்காரர் ஒருவர், சிலை அருமை, நடுவே விழுந்த நிழல்தான் யாருடையது என்று தெரியவில்லை என எழுதியிருந்தார்.

பெண்ணின் இடுப்புவரை நிழல் ஏறியிருந்தது. கை தூக்கியபடியே.

வேதா பதில் எழுதினாள்: "இந்தியாவில் பன்னிரண்டேகால் ஆகும்போது திறந்து பாருங்கள். இருக்காது."