சாய்ந்தே கிடந்த சீட்

அப்பாவுக்குப் பிடித்த சொல் ‘அட்ஜஸ்ட்’. அவர் எங்களை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

சட்டை இறுக்கமா? “அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, குட்டி.” சாப்பாட்டில் உப்பு குறைவா? “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.”

அக்கா வெளியூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய காலையிலும் அதையேதான் சொன்னார்.

காரின் டிக்கி நிரம்பிவிட்டது. மிஞ்சிய பெரிய பெட்டியைப் பின் சீட்டில் படுக்கவைத்து, மேலே மெத்தைச் சுருளை ஏற்றினார்கள். முன்னால் உட்காரும் அம்மாவின் சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. அது அக்காவுக்கு.

“குட்டி, நீ பக்கத்து வீட்டு அத்தைகிட்ட இரு. சாயங்காலம் வந்துடுவோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

அக்காவின் கட்டில் எது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நான் எப்படித் தூங்குவேன்?

“வாலு வரலேன்னா நானும் போகலே” என்றாள் அக்கா. அவளுக்கு நான் வாலு.

“அப்புறம் யாரு படிக்கிறது, பெட்டியா?” என்றார் அப்பா.

அப்பாவும் அம்மாவும் வீட்டைப் பூட்டப் போனார்கள். நான் காருக்குள் ஏறினேன். பெட்டியின் அகலத்தைக் கையால் அளந்தேன். ஒன்றரைச் சாண். அம்மாவின் சீட்டுக்குப் பின்னால் தரையில் நிறைய இடம் இருந்தது. ஆனால் அங்கே அக்கா கால் வைக்க வேண்டும். அப்பாவின் சீட்டுக்குப் பின்னாலோ என் கைகூட நுழையவில்லை. அது முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி சாய்ந்து கிடந்தது.

அப்பா வந்ததும் சொன்னேன். “உங்க சீட்டை முன்னால தள்ளுங்கப்பா. பெட்டி அதுக்குப் பின்னால தரையில நிக்கும். மெத்தை சீட்டு மேல. நடுவுல நான்.”

“என் சீட்டா? அது நகராதும்மா. வாங்கின நாள்லேர்ந்து அப்படித்தான்.”

“நகர்த்திப் பார்த்திருக்கீங்களா?”

அப்பா வானத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா.”

அம்மா சிரித்த சிரிப்பில் சாவிக்கொத்து கீழே விழுந்தது.

சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியை நான் தூக்கிப் பிடித்தேன். அக்கா பின்னாலிருந்து தள்ளினாள். டக், டக் என்று சீட் முன்னால் போனது. சாய்வையும் நிமிர்த்தினோம். அடியில் அப்பாவின் சீப்பு கிடந்தது.

“இதைத்தான் நான் எடுத்துட்டேன்னு வீடே அதிர கத்தினீங்களா?” என்றாள் அக்கா.

“கார் எடுத்திருக்கு” என்று அப்பா சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டி தரையில் கச்சிதமாக நின்றது. நான் நடுவில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

அப்பா முதல் பெஞ்சு மாணவன் போல நிமிர்ந்து உட்கார்ந்து வண்டியை ஓட்டினார்.

“காலு எட்டுதா?” என்று கேட்டாள் அம்மா.

“ஸ்டியரிங்கை வயிறே எட்டுது!”

ஹாஸ்டலில் அக்காவின் கட்டில் ஜன்னல் ஓரம். என் கண்ணால் பார்த்துவிட்டேன். கையாட்டும்போது இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கையாட்டினோம்.

திரும்பும்போது பின் சீட்டில் நான் மட்டும். அது அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

“இனிமே உங்க சீட்டைப் பழையபடி தள்ளிக்கலாமே” என்றாள் அம்மா.

அப்பா தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“வேண்டாம். இப்படி உட்கார்ந்தாதான் குட்டி முகம் தெரியுது.”