இறுகிய கியர்பாக்ஸ்

ஐந்து மாதமாக ஓடாத வண்டி. அடியில் இருந்த ஆயில் போல்ட்டைக் கழற்றியதும், கருப்பாக ஒழுகிய ஆயில் எட்வினின் விரலைச் சுட்டது.

வெயில் சூடாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே மலைப்பக்கம் மேகம் கவிந்து இராஜபாளையமே மங்கிக் கிடந்தது. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், தகரக் கூரைக்குக் கீழே, வண்டி நின்ற மூலையில் வெயில் விழுந்து நாளாயிற்று. எரிச்சலோடு விரலை லுங்கியில் துடைத்தான். சுட்டால் சுடட்டும். இன்றைக்கு இதைத் திறந்தாக வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் போகும்போதுதான் நடந்தது. மூன்றாவது கியரில் பின்சக்கரம் திடீரென்று இறுகி நின்றது. எட்வின் இடப்பக்கம் மண்ணில் விழுந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ஷெரின் வலப்பக்கம் விழுந்தாள். வலப்பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. அவ்வளவுதான்.

அதற்கு ஒரு மாதம் முன்பு அந்த கியர்பாக்ஸைப் பிரித்துப் பல்சக்கரம் மாற்றியவன் மெக்கானிக் வேல்சாமி. எட்வின் அதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொன்னான். கேட்டுக்கொண்டு நின்ற ஷெரினின் அண்ணன் தவசிமுத்து, அடக்கம் முடிந்த மறுநாள் வேல்சாமியின் கடையை அடித்து நொறுக்கினான். இப்போது தவசிமுத்து மேல் வழக்கு நடக்கிறது. கடை மூடியே கிடக்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி போன வாரம்தான் வந்தது.

எட்வினுக்கு அழுகை வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்தான், குளித்தான், மில்லுக்குப் போனான்.

தவசிமுத்து சந்தின் வாயில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ள, மூடியே இன்னும் கழறலையா? இஞ்சினியருக்குப் படிச்ச ஆளுக்கு எம்புட்டு நேரம்?"

"போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு மச்சான்."

"அந்தப் பய நேத்து எதுக்க வாரான். என்னப் பாத்துட்டு தலையத் தொங்கப் போட்டுட்டுப் போறான். மூஞ்சியிலயே எழுதியிருக்கு. நீ ஒடஞ்ச கியர் பல்ல எங்கையில குடு, வக்கீல் மேசையில கொண்டு போயி வைக்கேன்."

"குடுக்கேன்."

"அவ செத்ததுக்கு ஒருத்தன் பதில் சொல்லணும்ல?"

"சொல்லுவான்."

கடைசி போல்ட்டும் வந்தது. வலப்பக்க மூடியைச் சுத்தியால் தட்டிப் பிரித்ததும் கருகிய ஆயில் வாடை எழுந்தது. அந்த வாடைக்கு அடியில், கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையின் மருந்து நெடியும் மெல்ல எழுந்து, தகரத்தில் விழத் தொடங்கிய தூறல் சத்தத்தோடு சந்து முழுக்க நின்றது. கிளட்ச் தட்டுகளை எடுத்து வைத்தான். அதற்குப் பின்னால், கியர்களுக்குப் போகும் வழியில், இரண்டு விரல் நுழையும் துவாரம். அதில், கியர் பற்களுக்கு நடுவே சிக்கி, கருப்பாக ஏதோ தொங்கியது.

குறட்டால் பிடித்து இழுத்தான். துணி. வெளியே வந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சல்லடை போன்ற நெசவு.

பேண்டேஜ் துணி.

இந்த ஊரில் துடைக்கவென்று யாரும் துணி வாங்குவதில்லை. பேண்டேஜ் கம்பெனிகளில் நெசவு தப்பியதைக் கட்டுக்கட்டாகக் கழித்துவிடுவார்கள். சன்னல் துடைக்க, அடுப்பில் சட்டி இறக்க, வண்டி வேலை பார்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஷெரின் அப்படியொரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்த்தாள். வேல்சாமி கடையில் துடைப்பது பழைய பனியனில். பேண்டேஜ் துணி இந்த வீட்டுடையது.

விபத்துக்கு முந்தின நாள் கிளட்ச் தட்டு மாற்ற இதே மூடியைத் திறந்தவன் எட்வின்தான். வாஷர் எதுவும் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று இந்தத் துவாரத்தைத் துணியால் அடைத்தான். டீயோடு வந்து நின்றாள் ஷெரின்.

"ஏங்க, உள்ள வச்ச துணிய எடுத்தாச்சா?"

"ஏட்டி, இஞ்சினியரு நீயா நானா? போயி வேலையப் பாரு."

எடுக்கவில்லை.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? ஏதும் சிக்குச்சா?"

எட்வின் துணியை உள்ளங்கையால் மறைத்தான். குரல் தெளிவாக வந்தது. "பல்லு முறிஞ்சிருக்கு மச்சான். அவன் போட்ட கியருதான்."

"நெனச்சேன்! செத்த நேரம் இரு, வக்கீலுக்குப் போனப் போட்டுருதேன்."

தவசிமுத்து எழுந்து தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் திரும்பி வருவதற்குள் துணியை உருவி ஒளித்துவிட வேண்டும். எட்வின் அவசரமாக இழுத்தான். அன்று வைத்தது ஒரு சாண் துண்டு. ஒரு முழம் வந்தது. இன்னும் இழுத்தான். இரண்டு முழம். கருப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுத்து, பிறகு அப்போதுதான் உறை பிரித்தது போன்ற வெள்ளையில் வந்துகொண்டே இருந்தது. மடியில் குவிந்தது. கால்களைச் சுற்றிக் குவிந்தது.

"வந்து தொலை," என்று பல்லைக் கடித்தான். எதன் மேலென்று தெரியாத ஆத்திரம். வேல்சாமி மேல். துணி மேல். கேள்வி கேட்டவள் மேல்.

கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு சுண்டி இழுத்தான்.

உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக. அவசரமே இல்லாமல்.

துணி அவன் மணிக்கட்டில் ஏறியது. ஒரு சுற்று. அடுத்த சுற்று, முந்தினதன் பாதி மேல். அடுத்தது. உள்ளங்கை. விரல்கள். பேக்கிங்கில் பழகிய கை சுற்றியது போல நேர்த்தியான கட்டு. நுனி தானாக மடிந்து உள்ளே செருகிக்கொண்டது.

"மச்சான்." சத்தம் வரவில்லை.

"ஆமா சார், ஆதாரம் கெடச்சிருச்சு," தெருவில் தவசிமுத்து சிரித்துக்கொண்டிருந்தான். "நம்ம மாப்ள கையிலயே இருக்கு."

யாரும் மிதிக்கவில்லை. கியர் லிவர் தானாக இறங்கியது.

டக்.

துவாரத்துக்குள் பற்கள் சுழன்றன. துணி விறைத்தது. கை நகர்ந்தது.

விரல் நுனிக்கும் பற்களுக்கும் இன்னும் ஓர் அங்குலம் இருந்தது. கட்டு அதற்குள் சிவந்துவிட்டது.